மலை கூப்பிட்டதா? எந்த நம்பரிலிருந்து?

திருவண்ணாமலை ரமண நகரில் ஒரு குடும்பம். மாடியில் இரண்டு அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு வீட்டு அம்மாவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது. மாடியில் தங்கியிருக்கும் இங்கிலாந்துப் பாட்டி அனுப்பியிருக்கிறார்: ‘ஐ அம் எ பிட் அண்டர் த வெதர். நோ ப்ரேக்ஃபாஸ்ட் டுடே.’

வீட்டு அம்மாவுக்கு ‘வெதர்’ தெரியும். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். வெயில் பளிச்சென்று அடிக்கிறது. மலை தெளிவாகத் தெரிகிறது. ‘வெதர் வெரி குட் மேடம்’ என்று பதில் போட்டு, ஒரு கட்டைவிரல் படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டு இட்லி ஊற்றப் போய்விடுகிறார். மாடியில் பாட்டிக்கு நூற்று இரண்டு டிகிரி காய்ச்சல்.

‘அண்டர் த வெதர்’ என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதற்கும் வானிலைக்கும் சம்பந்தமில்லை. கூடவே அந்த ‘எ பிட்’டையும் கவனியுங்கள். ‘கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்காரர்கள் ‘கொஞ்சம்’ என்றால் சில நேரம் ‘ரொம்ப’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்த விவகாரத்தைத்தான். சொல் ஒன்று சொல்லும், பொருள் வேறாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதை ‘ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் கவிதை வரியைக் கொடுத்து, இது எந்த வகை என்று கேட்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால், பரீட்சைக்கு வெளியேதான் இது நிஜமாகத் தேவைப்படுகிறது.

அதற்கு ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலைப் பக்கம் நல்ல இடம். குளிர்காலம் வந்தால் பல தேசத்துக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஜெர்மன்காரரும் ரஷ்யக்காரரும் நம்மூர் ஆட்டோ அண்ணனும் பேசிக்கொள்ளப் பொதுவாக இருப்பது ஆங்கிலம் ஒன்றுதான். ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புத்தகங்களும் ஏராளம். டீக்கடை ஆங்கிலமும் புத்தக ஆங்கிலமும் ஒரே தெருவில் கிடைக்கிற இடம் அது.

‘போல’ இருந்தால் உவமை

முதலில் எளிதானது. ‘லைக்’ அல்லது ‘ஆஸ்’ என்ற சொல்லை வைத்து ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டால், அது ‘சிமிலி’. நம் உவமை.

‘ஐ ஸ்லெப்ட் லைக் எ லாக்’ என்று காலையில் ஒருவர் சொன்னால், மரக்கட்டை மாதிரி தூங்கினாராம். நாம் ‘அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்’ என்போம். ‘தே ஃபைட் லைக் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்றால் பூனையும் நாயும் போல. நமக்கு அது கீரியும் பாம்பும். ‘லைக் எ கேட் ஆன் ஹாட் ப்ரிக்ஸ்’ என்றால் சுடுகல் மேல் நிற்கும் பூனை. நம்மிடம் ‘நெருப்பு மேல் நிற்கிற மாதிரி’ என்று இருக்கிறது. விலங்கும் பொருளும்தான் மாறுகின்றன, உத்தி ஒன்றே.

எந்த உவமையைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டுக்கும் பொதுவானது எது? தொல்காப்பியர் இதற்கு உவமவியல் என்று தனி இயலே வைத்து, ஒப்புமை வரும் வழிகளை நான்காகப் பிரித்தார். செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவத்தால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. இந்தப் பிரிவு ஆங்கில உவமைக்கும் அப்படியே கைகொடுக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ‘ஹி இஸ் ஆஸ் கூல் ஆஸ் எ குக்கும்பர்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளரிக்காய் போல என்கிறார்கள். நிறமா? இல்லை. வடிவமா? இல்லை. குளிர்ச்சி. ஆனால், அந்த ஆளின் உடம்பு ஜில்லென்று இருக்கிறது என்பதல்ல பொருள். எவ்வளவு நெருக்கடியிலும் பதற்றப்படாமல் இருக்கிறார் என்பதுதான்.

ரமணர் பேசும்போது உவமைகளை அள்ளி வீசுவார். அவருடைய ‘நான் யார்?’ என்ற சிறு நூலில் மட்டுமே கயிறும் பாம்பும், சிலந்தியும் நூலும், முத்துக்குளிப்பவர் இடுப்பில் கட்டும் கல், ரயில், புலி என்று வரிசையாக வரும். ரயில் உவமை எல்லோருக்கும் புரியும். எல்லாப் பாரத்தையும் ரயிலே சுமந்துகொண்டு போகிறது. அதில் ஏறிய பிறகும் நம் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்று ஏன் கஷ்டப்பட வேண்டும்? கீழே இறக்கி வைக்கலாமே. கவலையை இறைவனிடம் விட்டுவிடு என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

இதில் பொதுவானது எது? செயல். கூடவே பயனும். மூட்டை, கவலை. ரயில், இறைவன். சுமப்பது பொது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஜோடி சேர்த்து நீளமாக விளக்கினால் ஆங்கிலத்தில் அதை ‘அனாலஜி’ என்பார்கள். 1896-ல் மதுரையிலிருந்து கிளம்பி, பெரும்பகுதி தூரம் ரயிலிலும் நடுவில் காசில்லாமல் நடந்தும், செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் ரயிலிலிருந்து இறங்கிய பதினாறு வயதுப் பையன், பிற்காலத்தில் ரயிலையே உவமை ஆக்கினார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

‘போல’வை எடுத்துவிட்டால் உருவகம்

‘லைக்’, ‘ஆஸ்’ எதுவும் இல்லாமல், இதுவே அது என்று அடித்துச் சொன்னால் ‘மெட்டஃபர்’. நம் உருவகம். ‘மலர் போன்ற முகம்’ உவமை. ‘முகமலர்’ உருவகம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், பிரச்னைகள் பெரும்பாலும் இங்கேதான் வருகின்றன. ‘போல’ என்ற எச்சரிக்கைப் பலகை இல்லையே!

இணையத்தில் உங்கள் விடுதியைப் பற்றி ஒருவர் ‘த ரூம் வாஸ் அன் அவன்’ என்று எழுதினால், நீங்கள் அறைக்குள் அடுப்பு வைத்திருப்பதாகப் புகார் சொல்லவில்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் வெந்துபோய்விட்டார். ‘அங்கே அடுப்பு வைக்கவில்லை, வேறு அறையைச் சொல்கிறீர்கள்’ என்று பதில் எழுதினால், அதைப் படிக்கும் அடுத்த பத்துப் பேர் வேறு விடுதி தேடிப் போய்விடுவார்கள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டு, அடித்துவிட்டோம் என்று எழுதினால் வருவார்கள்.

உருவகத்துக்குப் புத்தக உதாரணம் வேண்டுமா? 1938-ல் சாமர்செட் மாம் என்ற பிரபல ஆங்கில எழுத்தாளர் ரமணாசிரமத்துக்கு வந்தார். 1944-ல் அவர் எழுதிய நாவலின் பெயர் ‘த ரேஸர்ஸ் எட்ஜ்’. சவரக்கத்தியின் கூர்முனை. அதில் வரும் இந்திய ஞானி, ரமணரை மனதில் வைத்துப் படைக்கப்பட்டவர் என்று பலரும் சொல்வார்கள். 1946-ல் ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது.

தலைப்பை மட்டும் பார்த்தால் கொலைக் கதை போலத் தோன்றும். கதையில் இருப்பதோ போரிலிருந்து திரும்பிய ஓர் இளைஞனின் தேடல். மாம் அந்தத் தலைப்பைக் கடோபநிஷதத்திலிருந்து எடுத்தார். ஞானப் பாதை சவரக்கத்தியின் முனையில் நடப்பது போலக் கடினமானது என்ற கருத்து அங்கே வருகிறது. உபநிஷதத்தில் அது உவமை. மாம் ‘போல’வைக் கழற்றிவிட்டு முனையை மட்டும் தலைப்பில் வைத்தார். உருவகம் ஆகிவிட்டது. நாமும்தான் ‘கத்தி மேல நடக்கிற மாதிரி இருக்கு’ என்கிறோம். ஒரு சின்ன வித்தியாசம். இன்றைய ஆங்கிலச் செய்திகளில் ‘ஆன் எ ரேஸர்ஸ் எட்ஜ்’ என்று வந்தால், முடிவு எந்தப் பக்கமும் சாயலாம் என்ற ஆபத்தான நிலையைக் குறிக்கும். தேர்தல் முடிவுக்கும் சொல்வார்கள், கிரிக்கெட் ஆட்டத்துக்கும் சொல்வார்கள்.

இன்னொரு சொல் ‘பீக்கன்’. குன்றின் உச்சியில் அடையாளத்துக்காக மூட்டும் தீ என்பது அதன் நேர்ப்பொருள். மின்விளக்குகள் வந்த பிறகு உலகத்தில் பலர் அந்தத் தீயைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ‘எ பீக்கன் ஆஃப் ஹோப்’, அதாவது நம்பிக்கை ஒளி என்று உருவகமாக மட்டுமே கேட்டிருப்பார்கள். ஆனால், திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று மாலை மலை உச்சியைக் காட்டி ‘அதுதான் பீக்கன்’ என்றால் முடிந்தது. ரமணரை மேலைநாட்டுக்குப் பரவலாக அறிமுகப்படுத்திய பால் பிரண்டனும் 1934-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இந்த மலையைக் குறிக்க இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்.

ஆசிரமத்திலிருந்து வெளிவரும் ஆங்கில இதழின் பெயர் ‘த மௌண்டன் பாத்’. 1964-ல் ஆர்தர் ஆஸ்போர்ன் அதைத் தொடங்கினார். மலைப்பாதை. ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து ஸ்கந்தாஸ்ரமம் போகும் பாதையும் மலைப்பாதைதான். ஆன்மிக வழியும் மலையேற்றம் போன்றதுதான். ஒரே பெயர், காலால் நடக்கும் பாதையையும் மனதால் நடக்கும் பாதையையும் சேர்த்துச் சொல்கிறது.

தப்பாகப் படித்தால் வாழ்க்கையே மாறும்

உருவகத்தை நேர்ப்பொருளில் எடுத்தால் அறை வாடகை மட்டும் போவதில்லை. ரமணரின் உபதேசத்தில் ‘மனோநாசம்’ என்ற சொல் வரும். ஆங்கிலத்தில் அதை ‘டிஸ்ட்ரக்ஷன் ஆஃப் த மைண்ட்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். மனதை அழிப்பது. ‘கில் த ஈகோ’ என்றும் சொல்வதுண்டு. அகந்தையைக் கொல்.

தத்துவப் பின்னணி தெரிந்தவருக்கு இது புரியும். ஓயாமல் ‘நான், எனது’ என்று ஓடும் எண்ணத்தின் பிடி விட்டுப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரமணர் நாளிதழ் படித்தார், சமையலறையில் காய் நறுக்கினார், பசுவுக்கும் அணிலுக்கும் குரங்குக்கும் நியாயம் பேசினார், சிலேடையாக நகைச்சுவை சொன்னார். மனம் வேலை செய்யாத மனிதர் இதையெல்லாம் செய்ய முடியாது.

ஆனால், மன உளைச்சலில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளை ஒருவன், ஃபோனில் இந்த வரியை மட்டும் தனியாகப் படித்தால்? ‘அழி’, ‘கொல்’ என்ற சொற்கள் அவன் காதில் எப்படி விழும்? ஒரு சொல்லின் உருவகத் தன்மையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது தமிழாசிரியர், ஆங்கில ஆசிரியர் வேலை மட்டுமல்ல. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் வேலையும்தான். ‘என்னடா படிக்கிற? இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிற?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

மலை கூப்பிட்டது

உயிரில்லாத ஒன்றை மனிதரைப் போலப் பேசவும் நடக்கவும் வைத்தால் ‘பெர்சானிஃபிகேஷன்’. ஆளுருவகம் என்று சொல்லலாம். செங்கம் சாலையில் வெளிநாட்டவரிடம் ‘ஏன் இந்த ஊருக்கு வந்தீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அடிக்கடி கிடைக்கும் பதில்: ‘த மௌண்டன் கால்ட் மி.’ மலை கூப்பிட்டது.

எந்த நம்பரிலிருந்து என்று கேட்டுவிடாதீர்கள்! நம் வீட்டுப் பாட்டியும் இதையேதான் சொல்கிறார்: ‘அண்ணாமலையார் கூப்பிட்டாத்தான் போக முடியும்.’

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சுற்றுலா வந்தவர் ‘மலை கூப்பிட்டது’ என்றால் அது அழகுக்காகச் சொன்னது. ஆனால், ரமண நகரில் பலருக்கு மலை சிவனைப் போன்றது அல்ல. மலையே சிவன். அவர்கள் சொல்லும்போது அது அணி அல்ல, நேர்ப்பேச்சு. ஒரே வாக்கியம், சொல்கிறவரின் நம்பிக்கையைப் பொறுத்து அலங்காரமாகவும் ஆகலாம், உண்மையாகவும் ஆகலாம். அதனால் ‘நீங்க சும்மா உருவகமாத்தானே சொல்றீங்க?’ என்று பக்தரிடம் கேட்பதும் ஒருவகைத் தப்பான வாசிப்புதான்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: தற்குறிப்பேற்ற அணியை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் இயல்பாக அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுப்பது போல அவை அசைவதாக இளங்கோ சொல்கிறார். இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது அது. கொடிக்குக் கை முளைத்து மனிதர் போல ஆவதால் ஆளுருவகமும் அதற்குள் இருக்கிறது. ஆனால், இரண்டும் ஒன்றல்ல.

கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும்

‘ஐ குட் ஈட் எ ஹார்ஸ்’ என்று விருந்தாளி சொன்னால் பதற வேண்டாம். குதிரைக் கறி கேட்கவில்லை. ‘பசி உயிர் போகுது’ என்கிறார். ‘இட் காஸ்ட் மி அன் ஆர்ம் அண்ட் எ லெக்’ என்றால் விபத்து எதுவும் இல்லை. ஒரு கையும் ஒரு காலும் விலையாகக் கொடுத்தாராம். நாம் யானை விலை, குதிரை விலை என்போமே, அது. இந்த மிகைப்படுத்தலுக்கு ‘ஹைப்பர்போலி’ என்று பெயர். நம் உயர்வு நவிற்சி.

இதற்கு நேரெதிர் ‘அண்டர்ஸ்டேட்மெண்ட்’. குறைத்துச் சொல்வது. இங்கிலாந்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். உணவை ‘நாட் பேட்’ என்றால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். ‘தேர் இஸ் எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம் வித் த பாத்ரூம்’ என்று சொன்னால், உடனே ஓடிப்போய்ப் பாருங்கள். தண்ணீர் ஹாலுக்கு வந்திருக்கும்.

விருந்தாளி உடம்பைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கவே கூடாது. ‘எ பிட் ஆஃப் டிஸ்கம்ஃபர்ட் இன் த செஸ்ட்’ என்று ஒரு வயதானவர் சொன்னால், ‘கொஞ்சம்தானே’ என்று விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். பசிக்குக் குதிரையைச் சொல்பவரும், நெஞ்சுவலிக்குக் ‘கொஞ்சம்’ என்பவரும் ஒரே ஆளாக இருப்பார்.

கோட்டை சொன்னது, டெல்லி மறுத்தது

ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள வேறொன்றுக்கு ஆகி வந்தால் ‘மெட்டானிமி’. ஆகுபெயர். இதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ‘கோட்டையைப் பிடிப்பார்கள்’ என்றால் சென்னை ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிடுவது இல்லை, ஆட்சியைப் பிடிப்பது. ஆங்கில நாளிதழில் ‘த வொய்ட் ஹவுஸ் டினைட்’ என்று படித்தால், சுவர் பேசியதாக நினைக்க மாட்டோம். ‘தலைக்கு இருநூறு ரூபாய்’ என்று வேன்காரர் சொல்வதும் ‘பெர் ஹெட்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் ஒரே கணக்கு. தலை என்றால் முழு ஆள். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்தால் ஆங்கிலத்தில் ‘சினெக்டகி’. நம் இலக்கணத்தில் சினையாகு பெயர்.

மரபுத்தொடரில்தான் மாட்டிக்கொள்வோம்

உவமையையும் உருவகத்தையும் யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம். ‘இடியம்’ என்ற மரபுத்தொடரை யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். தெரிந்திருக்க வேண்டும். ‘அண்டர் த வெதர்’ அப்படி ஒன்று. இந்தப் பகுதியில் காதில் விழும் வேறு சில:

‘எ ஸ்டோன்ஸ் த்ரோ ஃப்ரம் த ஆஷ்ரம்’ என்றால் ஆசிரமத்திலிருந்து கல்லெறியும் தூரம். நம் கூப்பிடு தூரம்.

‘தட் நேம் ரிங்ஸ் எ பெல்’ என்றால் கோயில் மணி அல்ல. கேள்விப்பட்ட பெயர் மாதிரி இருக்கிறது என்பது பொருள்.

‘லெட் மி ஸ்லீப் ஆன் இட்’ என்றால் இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்பதல்ல. ஒரு ராத்திரி யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்பது. வாடகை பேசும்போது இது முக்கியம்.

இறப்பைச் சொல்லும் தொடர்கள் தனி. ‘பாஸ்ட் அவே’ என்றால் காலமானார். ஆசிரமப் பகுதியில் ‘ஹி லெஃப்ட் த பாடி’ என்று சொல்வதைக் கேட்கலாம். உடலை விட்டார். ‘எங்கே விட்டுட்டுப் போனார்?’ என்று கேட்டுவிடக் கூடாது. 1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்ததை ஆசிரமத்தார் மகாநிர்வாணம் என்பார்கள். கடுமையானதை மென்மையாகச் சொல்லும் இந்த முறை ‘யூஃபமிசம்’. தமிழ் இலக்கணத்தில் மங்கல வழக்கு. நாம் சொல்லும் ‘இறைவனடி சேர்ந்தார்’, ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ எல்லாம் இந்த வகை.

‘கிக்ட் த பக்கெட்’ என்பதற்கும் இறந்தார் என்றே பொருள். ஆனால், அது ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்குச் சமம். மேலதிகாரியின் அப்பா இறந்ததற்கு அனுதாபச் செய்தி எழுதும்போது, இணையத்தில் புதிதாகக் கற்ற தொடராயிற்றே என்று இதைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு தொடரின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அதை எங்கே சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

இன்னும் மூன்று, சுருக்கமாக

முரண்: ஒன்றுக்கொன்று எதிரான இரு சொற்களை ஒட்டவைப்பது ‘ஆக்ஸிமோரன்’. ‘எலோக்வெண்ட் சைலன்ஸ்’ என்றால் பேசும் மௌனம். வாய் திறக்காமல் உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியைக் கும்பிடும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வஞ்சப் புகழ்ச்சி: ‘ஒன்டர்ஃபுல்! ஒன்லி டூ அவர்ஸ் ஃபார் எ தோசா’ என்று ஒருவர் எழுதினால், ‘தேங்க் யூ சார், ப்ளீஸ் கம் அகெய்ன்’ என்று பதில் போடாதீர்கள். பாராட்டு அல்ல, குத்தல். இது ‘சர்க்காசம்’.

சிலேடை: ரமணர் இயற்றிய ‘அட்சரமணமாலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். மணமாலை என்றால் திருமண மாலையா, மணக்கும் மாலையா? தமிழில் இரண்டும்தான். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ‘மாரிட்டல் கார்லண்ட்’ என்று கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வாசனை தமிழிலேயே தங்கிவிட்டது.

ஃபோன் கையில் இருக்கிறதே, பிறகென்ன?

மொழிபெயர்ப்புச் செயலிகள் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் ஒரு சொல்லை மட்டும் தனியாகப் போட்டால் தடுமாறும். இப்படிச் செய்து பாருங்கள்.

1. நேர்ப்பொருள் அபத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். வானிலைக்குக் கீழே ஒருவர் எப்படி இருக்க முடியும்? அபத்தமாக இருந்தால், அங்கே ஏதோ ஓர் அணி ஒளிந்திருக்கிறது.

2. ஒற்றைச் சொல்லைத் தேடாமல் முழுத் தொடரையும் தேடுங்கள். தொடருக்குப் பின்னால் ‘மீனிங்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துத் தட்டினால் நேராக விளக்கத்துக்குப் போகும்.

3. முன்னும் பின்னும் உள்ள வாக்கியத்தைப் படியுங்கள். ‘காலை உணவு வேண்டாம்’ என்று கூடவே எழுதியிருந்தாரே, அதுதான் உடம்புக்கு முடியவில்லை என்பதற்குக் குறிப்பு.

4. அப்படியும் புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள். ‘ஆர் யூ ஓகே?’ என்ற மூன்றே சொற்கள் போதும். கேட்பதில் வெட்கம் எதற்கு?

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டும் 35 என்று வகைப்படுத்துகிறது. அதில் கால்வாசியைத் தமிழ் வகுப்பில் படித்துவிட்டு, ஆங்கில வகுப்பில் ‘மெட்டஃபர் கஷ்டம்’ என்று சொல்வது நியாயமா? தமிழ் நோட்டையும் ஆங்கில நோட்டையும் பக்கத்தில் வைத்து, ஜோடி சேர்த்துப் படியுங்கள். இரண்டு பாடத்திலும் மதிப்பெண் கூடும்.

இந்த வார வீட்டுப்பாடம்

கீழே உள்ளவை எந்த வகை? விடையைப் பார்க்காமல் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பாருங்கள்.

அ. ‘த ஹில் வோர் எ கேப் ஆஃப் க்ளௌட்ஸ்.’
ஆ. ‘ஐ ஹாவ் டோல்ட் யூ எ மில்லியன் டைம்ஸ்.’
இ. ‘ஹிஸ் வாய்ஸ் இஸ் லைக் ஹனி.’
ஈ. ‘டைம் இஸ் மணி.’
உ. ‘த ஹோல் டவுன் கேம் ஃபார் தீபம்.’

விடைகள்: அ. மலை மேகத் தொப்பி போட்டுக்கொண்டது, ஆளுருவகம். ஆ. லட்சம் தடவை சொல்லிட்டேன் என்போமே, அந்த உயர்வு நவிற்சி. இ. தேன் போன்ற குரல், உவமை. ஈ. உருவகம். உ. ஊரே வந்தது, இடவாகு பெயர், அதாவது மெட்டானிமி. இதில் கொஞ்சம் உயர்வு நவிற்சியும் கலந்திருக்கிறது என்று சொன்னவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்.

‘ஈ’யில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நேரத்தைச் ‘செலவழிக்கிறோம்’, ‘மிச்சப்படுத்துகிறோம்’, ‘வீணடிக்கிறோம்’ என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். நேரம் என்ன சில்லறைக் காசா? ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இருவர் 1980-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் இதைத்தான் காட்டினார்கள். உருவகம் கவிஞர்களின் சொத்து அல்ல, சாதாரணப் பேச்சும் சிந்தனையும் அதன் மேல்தான் ஓடுகின்றன என்றார்கள். இன்று இரவு தூங்குவதற்கு முன், நீங்கள் பேசியதில் எத்தனை உருவகம் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். விரல் போதாது.

அடுத்த வாரம்: ‘மே ஐ’ எங்கே, ‘கேன் ஐ’ எங்கே?